பதின்மூன்றாவது உறை

அயர்லாந்தில் எங்கள் கார்லோ ஊரில் அப்போது வக்கீல்கள் ஏழு பேர். ஆறு பேர் குடித்தார்கள். ஏழாவது ஆள் தபால்தலை சேர்த்தார். அந்த ஏழாவது ஆளிடம்தான் நான் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். தேடியஸ் கின்செல்லா என்று பெயர்.

தபால்தலையோடு விட்டாரா என்றால் இல்லை. குறிபார்த்துச் சுடவும் செய்வார். முயலையோ காட்டு வாத்தையோ அல்ல. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நட்டுவைத்த அட்டையை. 1914-ல் தொடங்கிய பெரிய சண்டைக்கு முன்னால் மூன்று தடவை அயர்லாந்து அணிக்காக இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் சுட்டிருக்கிறார். தொலைதூரச் சுடுகாரர்களில் சிலர் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, துப்பாக்கியைத் தொடைமேல் கிடத்திச் சுடுவார்கள். இவரும் அப்படித்தான். "கட்டில்ல படுத்துக்கிட்டே பதக்கம் வாங்கற ஆளு நம்ம கின்செல்லா ஒருத்தர்தான்" என்று போஸ்ட்மாஸ்டர் பார்னி ஹேடன் சொல்வார். ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் மனைவி இறந்தபோது மகள் டிம்ப்னாவுக்கு ஒன்பது வயது. அம்மா இல்லாத பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சத் தெரியாது, கதை சொல்லத் தெரியாது. தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார்: சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்காரவைத்து உறைகளில் விலாசம் எழுதச் சொன்னார். கன்னிமார் மடத்துப் பள்ளியில் படித்த பெண், எழுத்து முத்து முத்தாக இருக்கும். 'கின்செல்லா' என்று எழுதும்போது முதல் எழுத்தின் வாலை நீளமாக இழுத்துச் சுழித்து விடுவாள்.

அந்த உறைகள் எதற்கென்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதில்தான் இருக்கிறது. தபால்தலைக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. புதுத் தலை ஒன்று வெளிவந்தால், அதை ஓர் உறையில் ஒட்டித் தங்கள் விலாசத்துக்குத் தாங்களே அனுப்பிக்கொள்வார்கள். தபால் முத்திரை விழுந்து, கிழியாமல் கசங்காமல் வந்து சேர வேண்டும். உள்ளே கடிதம் இருக்காது, விறைப்பாக நிற்க ஒரு வெற்று அட்டை மட்டும் இருக்கும். அந்த உறையைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அதன் மதிப்புப் போய்விடும். டிம்ப்னா கட்டுக் கட்டாக அப்படி விலாசம் எழுதி மேஜை இழுப்பறையில் போட்டுவைப்பாள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று.

1920 இலையுதிர் காலத்தில் ஊரில் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் பாரக்ஸில் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கின்செல்லா போய், நான் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவன், என் ரைபிள் என் அலமாரியை விட்டு நகராது என்று வாக்குக் கொடுத்து அனுமதி வாங்கிவந்தார். மூன்றே வாரத்தில் அலமாரி காலி. கள்ளச்சாவி செய்து ரைபிளை எடுத்து, இங்கிலாந்தை எதிர்த்து மலைப்பக்கம் ஒளிந்திருந்த பையன்களிடம் கொடுத்தவள் டிம்ப்னா. இருபத்து மூன்று வயது, நெஞ்சு முழுக்க நாடு. எனக்கு அப்போதே தெரியும், ஊரில் பாதிப் பேருக்கும் தெரியும்.

மறுநாள் அவர் பாரக்ஸுக்குப் போய் பைபிள் மேல் கைவைத்து, யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னார். திரும்பி வந்து கதவைக்கூடச் சாத்தாமல் மகளிடம் பேசினார். வீட்டின் கீழ்த்தளம்தான் ஆபீஸ், நான் அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டேன்.

"முப்பது வருஷத்துல ஒரு பொய்ச் சத்தியம் செஞ்சதில்லை நான். இன்னிக்கு செஞ்சுட்டேன். உனக்காக."

"நான் உங்களைச் செய்யச் சொல்லலையே அப்பா. என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீ இப்ப ஜெயில்ல இருப்பே."

"இருந்துட்டுப் போறேன். உங்க துப்பாக்கி இத்தனை வருஷமா அட்டையைத்தானே சுட்டுச்சு? இப்பவாவது ஒரு வேலைக்கு ஆகட்டும்."

அந்த ஒரு வார்த்தை அதிகம். அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். "என் வீட்டுல இருக்காதே" என்று அவர் சொன்னது அதைவிட அதிகம். அன்று சாயங்கால ரயிலில் அவள் டப்ளினுக்குப் போய்விட்டாள். போகும்போது என் மேஜைப் பக்கம் வந்து, "அவரைப் பார்த்துக்கங்க வின்னி அக்கா" என்றாள். எழுத வேண்டுமே என்று இழுப்பறையிலிருந்து ஒரு கைப்பிடி உறைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் அந்த மனிதர் காத்திருந்தார். வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் தினமும் காலையில் நான் தபாலைப் பிரிக்கும்போது வாசலில் வந்து நின்று, "டப்ளின்லேர்ந்து ஏதாவது?" என்பார். ஏதோ கேஸ் விஷயம் போலக் கேட்பார். இல்லை என்றால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ஒரு வரி எழுதினா என்ன சார்? குறைஞ்சா போயிடுவீங்க?"

"அவ ஒரு வரி எழுதட்டும் மிஸ் ஃபோலன். அடுத்த ரயில்ல நான் அங்க நிப்பேன். அவதான் முதல்ல எழுதணும். எதுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கு."

"பெத்த பொண்ணுகிட்ட என்ன சார் முறை?"

"முறை எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சட்டம் படித்தவனுக்குப் பிடிவாதம் வந்தால் அதற்கும் ஒரு பிரிவு எண் கண்டுபிடித்துவிடுவான்.

1922 தொடக்கத்தில் நம் அயர்லாந்து அரசாங்கம் வந்தது. தபால்தலை அச்சடிக்க நேரமில்லை, அதனால் இங்கிலாந்து ராஜாவின் தலை போட்ட பழைய தலைகள்மேலேயே ஐரிஷ் எழுத்தில் 'தற்காலிக அரசு' என்று கறுப்பாக அச்சடித்து விற்றார்கள். "ராஜா மூஞ்சில கரி பூசிட்டானுங்கடா!" என்று பார்னி ஹேடன் கவுண்டரிலிருந்து கத்தியது தெருமுனைவரை கேட்டது. கின்செல்லாவுக்கு ராஜாவும் முக்கியமில்லை, அரசும் முக்கியமில்லை. புதுத் தலை வந்திருக்கிறது. இழுப்பறையைத் திறந்தார். டிம்ப்னா எழுதிய உறைகளில் பன்னிரண்டு மிச்சமிருந்தன.

"இதைப் பன்னிரண்டு ஊர் தபாலாபீசுக்கு அனுப்பி, புதுத் தலை ஒட்டி எனக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

"நான் வேணா வேற உறையில விலாசம் எழுதித் தரேனே சார். இது கடைசிப் பன்னிரண்டு."

"இதுவே இருக்கட்டும்" என்றார். அவள் எழுத்து ஊரூராகச் சுற்றிவிட்டுத் தன்னிடம் திரும்பி வர வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்திருக்கிறது. இப்போது புரிகிறது.

நான் பார்னியிடம்தான் கொண்டுபோனேன். அவர் உறைகளை விசிறிபோல விரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா வின்னி, உங்க வக்கீலுக்கு அவரே லெட்டர் போட்டுக்கிறாரே, வேற யாருமே போடறதில்லையா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

உறைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. தபால் பிரிப்பது என் வேலை. கடிதங்களைக் கத்தியால் கீறித் தேதி முத்திரை குத்தி அவர் மேஜையில் வைப்பேன். டிம்ப்னா எழுத்தில் இருப்பதை மட்டும் கத்தி படாமல் தனியாக ஒரு மரத்தட்டில் வைப்பேன். மார்ச் பத்தாம் தேதியும் அப்படி ஓர் உறை வந்தது. கில்ப்ராக்கன் என்று முத்திரை. நான் அனுப்பிய பன்னிரண்டு ஊரில் கில்ப்ராக்கன் கிடையாது. எனக்கு அது உறைத்தது. அவர் தனியாக யாரிடமாவது சொல்லி அனுப்பியிருப்பார் என்று நினைத்து, தட்டில் வைத்துவிட்டேன்.

அதில் ஒட்டியிருந்த தலையில் கறுப்பு எழுத்து தலைகீழாக அச்சாகியிருந்தது, அப்படித் தப்பாக அச்சான தலைக்குத்தான் மதிப்பு அதிகம். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சிரித்தார்! அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. "தலைகீழ் அச்சு! கெட்டிக்காரி மிஸ் ஃபோலன் நீங்க!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இதை நான் அனுப்பச் சொல்லலையே சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. "ஏதோ சார், நம்மால ஆனது" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன். அந்த நாலு வார்த்தைக்காக என்னை நானே இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மே மாதம் டப்ளினில் தபால்தலைக் கண்காட்சி. உறையை அட்டையில் பொருத்தித் தோல்பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் போனார். வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். 'சிறிதும் பிரிக்கப்படாத, மாசற்ற உறை' என்று பாராட்டுச் சீட்டில் எழுதியிருந்தது. உறையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்.

ஜூன் பதினேழாம் தேதி தந்தி வந்தது. தந்தியையும் நான்தான் பிரித்தேன். டிம்ப்னா கின்செல்லா அன்று விடியற்காலை கில்ப்ராக்கன் காசநோய் ஆஸ்பத்திரியில் காலமானாள், உறவினர் வரவும் என்றிருந்தது. கில்ப்ராக்கன் என்ற பெயரை இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் நான் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க மனசு விடவில்லை என்பதுதான் உண்மை.

அவளைக் கழுவி உடுத்த ஒரு பெண்பிள்ளை வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். ரயிலில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார். "உடம்பு சரியில்லைன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்தப் பிடிவாதம் யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு தெரியும். ஆனாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம் மிஸ் ஃபோலன்."

ஆஸ்பத்திரி ரயில் பாதையை ஒட்டியே இருந்தது. நீள வராந்தா, வரிசையாகக் கட்டில்கள். ரீகன் என்று ஒரு நர்ஸ், நாற்பது வயதிருக்கும், டிம்ப்னாவின் சாமான்களைத் துணியில் கட்டிக் கொண்டுவந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அப்பாவா?"

"ஆமா."

"இப்பதான் வழி தெரிஞ்சுதா சார்?"

நான் குறுக்கே போனேன். "அம்மா, அவ இங்க இருக்கறதே அவருக்குத் தெரியாது."

"தெரியாதா? நல்லாருக்கே கதை! மார்ச் மாசம் அது எழுதின லெட்டரை நான்தான் பெட்டியில போட்டேன். அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு மணிக்குத் தலைவாரி, சால்வையைப் போட்டுக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும். நாலு மணிக்கு மணி அடிச்சதும் படுத்துக்கும். நடக்க முடியாம போனப்புறமும் அப்படித்தான்."

கின்செல்லா நிமிர்ந்து நின்றார். கோர்ட்டில் நிற்பது போலவே நின்றார். "எனக்குக் கடிதம் எதுவும் வரலை. கடவுள் சாட்சியாச் சொல்றேன், வரலை. வந்திருந்தா அடுத்த ரயில்ல வந்திருப்பேன்."

"வராம எங்க போகும்? முத்து மாதிரி விலாசம் எழுதி, வீட்டுலேர்ந்து கொண்டுவந்த உறையில போட்டுச்சு. நான் ஸ்டாம்ப் நாலு வாங்கிட்டு வந்தேன். அதுல ஒண்ணுல எழுத்தெல்லாம் தலைகீழா இருந்துச்சு. மாத்திட்டு வரேன்னேன். விடலையே! 'ஐயோ குடுங்க குடுங்க, எங்கப்பா இதைப் பார்த்தா கோவமெல்லாம் மறந்துடுவாரு'ன்னு கைதட்டிச் சிரிச்சுது. அன்னிக்கு சிரிச்சதுதான்."

மரத்தட்டில் நான் வைத்த அந்த உறை என் கண்முன் வந்து நின்றது.

நர்ஸுக்கு எதுவும் புரியவில்லை, அவள் கோபம் இன்னும் தீரவில்லை. "மே மாசம் நீங்க கண்காட்சிக்குப் போறதை யாரோ சொல்லியிருக்காங்க. காலை வண்டியில அப்பா போவாருன்னு சொல்லி, கட்டிலைப் பாதைப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிச்சு. வண்டி போறப்ப போர்வையை எடுத்து ஆட்டிச்சு சார். அந்தக் கையால எப்படித்தான் தூக்குச்சோ."

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இதோ, இந்தப் பக்கம்தான். டப்ளின் போறப்ப இடது கைப்பக்கம்."

"நான் வலது பக்கம் உக்காந்திருந்தேன்."

அன்று அந்த ரயிலில் அவள் கடிதம் அவர் மடியில்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நர்ஸ் என்ன நினைத்தாளோ, மூட்டையை அவர் கையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் சாயங்காலம் சவப்பெட்டியை மாதா கோயிலில் வைத்துவிட்டு ஆபீசுக்கு வந்தோம். ஜூன் மாதம், வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் உறையைச் சட்டத்திலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார். பக்கத்தில் என் கத்தியையும் வைத்தார்.

"இந்த ஆபீசுக்கு வர்ற கடிதத்தையெல்லாம் நீங்கதானே பிரிப்பீங்க. இதையும் பிரிங்க."

"நீங்க பிரிங்க சார். உங்க பொண்ணு எழுதினது."

"என்னால முடியலை."

கீறினேன். ஒரே ஒரு தாள். படிக்கச் சொன்னார். நின்றுகொண்டே கேட்டார். நான் படித்தது இதுதான்:

"அன்புள்ள அப்பா, நானே முதல்ல எழுதறேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க. துப்பாக்கியைப் பத்தி அன்னிக்கு சொன்னதை மன்னிச்சுடுங்க. பொய்ச் சத்தியம் செஞ்சதுக்கு நான் நன்றியே சொல்லலை, அதுதான் ராத்திரியெல்லாம் உறுத்துது. எனக்கு நெஞ்சுச் சளி, இங்க படுத்திருக்கேன், நல்லாப் பார்த்துக்கறாங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் பார்க்க விடுவாங்க. உங்களுக்கு இன்னும் கோவம்னா வர வேண்டாம், நான் புரிஞ்சுக்கிறேன், மறுபடி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். நீங்க முதல்ல ஸ்டாம்பைத்தான் பார்த்திருப்பீங்கன்னு தெரியும். நல்லாப் பாருங்க அப்பா. பார்த்து முடிச்சுட்டு அப்புறமா இதைப் படிங்க. அவசரம் ஒண்ணும் இல்லை. டிம்ப்னா."

படித்து முடித்ததும் அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியை மார்ச் மாதத்துக்குப் புரட்டினார். விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே ஜூன் வரை வந்தார்.

"பதினாலு ஞாயித்துக்கிழமை" என்றார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் கிழிந்த உறையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. அவள் துப்பாக்கி கொடுத்த பையன்கள் வந்தார்கள், மாஜிஸ்திரேட் வந்தார், கன்னிமார் வந்தார்கள். குழியை மூடியதும் எங்கள் வழக்கப்படி எல்லோரும் வரிசையாக வந்து துக்கக்காரர் கையைக் குலுக்கி ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: "உங்க துக்கத்துக்கு வருத்தப்படறேன்." வேறெதுவும் சொல்லக் கூடாது. துக்கக்காரரும் தலையை ஆட்டினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. முந்நூறு பேரானாலும் அப்படித்தான்.

கின்செல்லா வாய் திறந்தார். முதலில் வந்த மாஜிஸ்திரேட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ எழுதியிருக்கா. நான் பிரிக்கலை" என்றார். மாஜிஸ்திரேட் எதுவும் விளங்காமல் நகர்ந்தார். அடுத்தவரிடமும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரிடமும். குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. ஒரு தடவை பொய்ச் சத்தியம் செய்தவர் இப்போது ஆள் ஆளாகக் கையைப் பிடித்து வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதிரியார் வந்து தோளைத் தொட்டு, "போதும் தேடியஸ்" என்றார். அவரிடமும், "அவ எழுதியிருக்கா ஃபாதர். நான் பிரிக்கலை" என்றார். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

வரிசையில் நான்தான் கடைசி. தினமும் பார்க்கிற என்னை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. கையை நீட்டினார். பிடித்தேன்.

"அவ எழுதியிருக்கா. நான் பிரிக்கலை."

சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு வாயில் வரவில்லை. "நானும் பிரிக்கலை சார்" என்றேன்.